வீமனுக்கு ஒரு பெட்டிசம்

"ஐந்தாம் விதி: வில்லை மறுக்கப்பட்ட நாயை வைத்திருக்க விசேட காரணம் உள்ளவர் துரைக்கு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குப் பதில் கிடைக்கும் வரை அந்த நாயை வீட்டில் கட்டி வைக்க வேண்டும். அதுவரை அதைச் சுடலாகாது."

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துப் பலகையில், தோட்ட நிர்வாகியான துரை நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டச் செய்திருந்த ஆங்கிலத் தட்டச்சுத் தாளில் இது கடைசி விதி. மற்ற நான்கும் சொல்லுக்குச் சொல் நினைவில்லை. சாரம் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் விசர் நாய் கடித்து ஒருவர் இறந்துபோயிருந்தார். ஆகையால் எல்லா நாய்களையும் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுவந்து கழுத்தில் தகர வில்லை கட்டிக்கொள்ள வேண்டும். குருடு, நொண்டி, சொறி பிடித்தவை ஆகியவற்றுக்கு வில்லை கிடையாது. புது வருடம் பிறந்த பிறகு வில்லையில்லாத நாயைக் காவல்காரர் கண்ட இடத்தில் சுடுவார்.

நாற்பது வருடம் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதியவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஐந்தாம் விதி நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அதில் ஓட்டை கிடையாது. ஒரேயொரு குறைதான்: சுடுகிறவருக்கு வாசிக்கத் தெரியாது.

இலங்கை சுதந்திரம் பெற்று ஏழெட்டு வருடங்கள் ஆகியிருக்கும். எனக்குப் பதினொரு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு நிற்காமல் பஸ் ஏறி ஹட்டனுக்குப் படிக்கப் போன ஒரே பிள்ளை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நான்தான். அதனால் அந்த அறிவித்தலை வாசித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் இருபது பேர் சுற்றி நிற்க, ஒவ்வொரு விதியாக ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை வாசித்தேன். ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. பெயர் வீமன். குட்டியில் அது சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து அப்பா வைத்த பெயர். என்னைவிட மூன்று வயது மூத்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா என்னைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால், வீமன் அந்தக் கட்டடத்து வாசலில் படுத்துக்கொள்ளுமாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா விளக்குமாற்றால் விரட்டினாலும் சாக்கடைக் கான் ஓரம் வரைக்கும் போய், திரும்ப வந்து படுக்குமாம். பகலில் அம்மா பால் கொடுக்க வரும்வரை அந்த இடத்தைவிட்டு அசையாதாம். இதெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டது. எனக்கு நினைவு தெரிந்த வீமன் வேறு.

அந்த வீமனுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. காது அடைத்துவிட்டது. ஒரு காது ஏற்கெனவே பாதிதான். மறுபாதியைக் காட்டுப்பன்றி கொண்டுபோய்விட்டது. பல் இல்லாததால் ரொட்டியைப் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியில் ஊறவைத்துக் கூழாக்கிக் கொடுக்க வேண்டும். பின்னங்கால் இரண்டும் பிடிமானம் இழந்துவிட்டதால், அம்மா பழைய கம்பளியைக் கிழித்து ஒரு தூளி தைத்திருந்தாள். அதை அதன் வயிற்றுக்கடியில் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கான் வரைக்கும் நடத்திப் போய் வர வேண்டும். முன்னால் இரண்டு கால் நாயுடையது, பின்னால் இரண்டு கால் என்னுடையது. லயத்துப் பிள்ளைகளுக்கு அது தினமும் காலையில் தவறாத வேடிக்கை.

"ஏய், நாலு காலு வண்டி போகுதுடீ!"

அம்மா ஆறு மணிப் பெரட்டுக்குப் போய்விடுவாள். அப்பாவுக்கு ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையில் அரைக்கும் வேலை. ஆகவே வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வீமன் படுக்கும் சாக்கை எடுத்து, மலைத் தண்ணீர் விழும் பீலியில் அலசிப் போட்டு, உலர்ந்த சாக்கை விரித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவது என் வேலை. டிசம்பர் மாதத்துப் பீலித் தண்ணீரில் கைவிட்டவர்களுக்கு அது புரியும். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் விரலில் அந்த நாற்றம் நின்றது. வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்த நாள் ஒன்று உண்டு. மறுநாள் காலை சாக்கை அலசாமல், புரட்டி மட்டும் போட்டுவிட்டுப் போனேன். மாலையில் அம்மா தொட்டுப் பார்த்து, "சாக்கு ஈரமா கெடக்கே, அலசலியா?" என்று கேட்டாள். "அலசுனேன், காயல" என்றேன். அதன்பிறகு அப்படிப் புரட்டிப் போட்ட நாட்களை நான் எண்ணவில்லை. வீமன் எந்தப் பக்கத்திலும் படுத்தது.

வில்லை கட்டுகிற நாள் கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீமனைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் பின்னால் போனோம். பெரிய கிளாக்கர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, நாயக் கொண்டாந்தியா, சாக்கக் கொண்டாந்தியா?"

வரிசை சிரித்தது. அப்பாவும் சிரித்து வைத்தார். கிளாக்கர் வீமனின் கண்ணுக்கு முன்னால் பேனாவை ஆட்டிப் பார்த்தார். வீமன் பேனாவை விட்டுவிட்டு அவர் கையை நக்கியது.

"குருடு. காலும் இல்ல. நாலாவது விதி. அடுத்த ஆளு வா."

"ஐயா, ஐயா," என்று அம்மா முன்னால் போனாள். "அதுக்குப் பல்லே இல்லீங்கய்யா. கடிக்கணும்னாலும் ஈறாலதான் கடிக்கணும். அதக் கண்டு யாருக்குங்க பயம்?"

"ஏம்மா, விதி நா எழுதுனதா? தொர எழுதுனது."

அம்மா இரண்டு கையையும் கூப்பினாள்.  என் வகுப்பில் படிக்கிற கிளாக்கரின் மகள் அவருக்குப் பக்கத்தில், வில்லைகள் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் கை கூப்பியபடி இருந்ததை அவள் பார்த்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"வாம்மா. அஞ்சாவது விதி இருக்கு. எழுதிக் கேக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா வேறு யோசனை சொன்னாள். தோட்டத்தில் யாருக்கு என்ன குறை இருந்தாலும் வழக்கம் ஒன்றுதான். துரை காலையில் மோட்டார் சைக்கிளில் மலை பார்க்க வரும்போது, பத்தாம் நம்பர் மலையின் வளைவில் வேகத்தைக் குறைப்பார். அங்கே கூடையை இறக்கி வைத்து, தலைத்துண்டை எடுத்துவிட்டு, "சலாங்க தொரை" என்று நிற்க வேண்டும். அவர் நிறுத்தினால் சொல்லலாம். நிறுத்தாவிட்டால் மறுநாளும் நிற்கலாம்.

"நா போயி வளைவுல நின்னு கேட்டுட்டு வந்துர்றேன். தொர பங்களாவுலயும் கெழட்டு நாயி ஒன்னு கெடக்குதாம். அங்க சமைக்கிற அப்பு சொன்னாரு, தொரயே ஸ்பூன்ல ஊட்டுறாராம். ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நீ ரோட்டுல கும்புட்டுக்கிட்டு நிக்கக் கூடாது," என்றேன்.

"நின்னா என்னா, காலு தேஞ்சு போயிருமா?"

"விதியில எழுத்துலன்னு போட்டிருக்கு. நீ போயி வாயால கேட்டா பெட்டிசம் செல்லாது."

அப்படி எந்த விதியும் இல்லை. இன்றுவரை எந்த நடைமுறைக் கோவையிலும் நான் அதைக் கண்டதில்லை. அந்த நிமிடத்தில் நானே இயற்றிய விதி அது. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "படிச்ச புள்ள சொல்லுதுல்ல," என்றார். இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மாவின் கையை எடுத்து என் தலைமேல் வைத்து, வளைவில் நிற்க மாட்டேன், துரையிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். சத்தியம் செய்துவிட்டு அம்மா, "நல்லா எழுது தாயி," என்றாள்.

நல்லாத்தான் எழுதினேன். ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் மாதிரி விண்ணப்பம் இருந்தது. "கீழே கைநாட்டு இட்டிருக்கும் பணிவான மனுதாரராகிய நான்" என்று தொடங்கி, காரணங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டேன். பிள்ளைக்காம்பரா வாசலில் வீமன் படுத்திருந்த கதையையும் போடச் சொன்னாள் அம்மா.

"அதெல்லாம் எழுதக் கூடாதும்மா. அது காரணம் இல்ல."

"பின்ன எதுடீ காரணம்?"

முன்னாளில் காட்டுப்பன்றி விரட்டியதால் தோட்டத்துக்குக் கிடைத்த நன்மை என்று எழுதினேன்.

சுத்தப் பிரதி எழுதி முடிக்க இரண்டு நாள். ஸ்டோர் வேலையிலிருந்து வந்த கையோடு அப்பா பெருவிரலை வைத்தார். தேயிலைத் தூசி படிந்த விரல் மையோடு இழுபட்டு, என் கடைசி வரியின் மேல் ஒரு கறுப்புத் தீற்றலாகிவிட்டது. நான் அழுதேன். அப்பா அந்த விரலை வேட்டியில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியாம பட்டுருச்சும்மா," என்றார். அந்தத் தாளையே கொடுத்திருக்கலாம். எந்த அலுவலகமும் தீற்றலுக்காக மனுவை நிராகரித்ததில்லை. நான் இன்னொரு நாள் எடுத்து, முழுவதையும் மறுபடி எழுதினேன். அப்பா கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து, மூச்சுவிடாமல் விரலை வைத்தார்.

அடுத்தது, கொடுக்கிற வழி. மாதிரி விண்ணப்பத்தின் தலைப்பில் யார் ஊடாக அனுப்பப்படுகிறது என்று எழுத இடம் விட்டிருந்தது. அந்த இடத்தை நிரப்பாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை, ஆபீசுப் பெரிய கிளாக்கர், துரைக்கு அடுத்த சின்னத்துரை ஆகிய மூவர் ஊடாகவும் என்று எழுதினேன். டிசம்பர் முப்பத்தோராம் தேதி கணக்கப்பிள்ளையிடம் போனோம்.

"நேரா ஆபீசுல போட வேண்டியதுதானே புள்ள?" என்றார் அவர்.

"முறைப்படி உங்க ஊடாத்தான் போகணும்."

"அப்பிடியா? சரி, முறைன்னா முறை." அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். நான் விடவில்லை. நான் எழுதி வைத்திருந்த இரண்டாவது பிரதியை நீட்டி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டேன். அப்பா பதறிப்போனார். கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "இது வருங்காலத்துல நம்மளயெல்லாம் கோர்ட்டுல ஏத்தும்ப்பா," என்றார்.

பெற்றுக்கொண்ட கையெழுத்துள்ள பிரதியே அத்தாட்சி. அது எந்தப் பொருளைக் காக்கிறதோ அந்தப் பொருள் இருக்கும் இடத்திலேயே அதை வைக்க வேண்டும். பின்னாளில் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

புது வருடம் பிறந்தது. தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. அப்பா இரவில் சாப்பிடும்போது, வீமனைக் கொண்டுபோய் நல்லதண்ணி ஊரில் யாத்திரை சீசனுக்குக் கடை போட்டிருக்கும் மாமாவிடம் விட்டுவிடலாமா என்று கேட்டார். பதில் வரும்வரை நாய் வீட்டிலேயே கட்டிக் கிடக்க வேண்டும், இடம் மாற்றினால் மனு தள்ளுபடியாகும் என்றேன்.  அப்பா இஸ்தோப்புத் தூணில் கயிறு கட்டி, மறுமுனையை வீமனின் கழுத்தில் போட்டார். நடக்க முடியாத நாயை எதற்குக் கட்டுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி ஆறாம் தேதி மாலை அம்மா மலையிலிருந்து வந்து, கூடையை இறக்காமலே சொன்னாள்.

"இன்னைக்கித் தொர வளைவுல நின்னாருடீ. எங்க நெரைக்கு நேரா. கணக்கப்பிள்ளகிட்ட என்னமோ கேட்டுக்கிட்டு அஞ்சு நிமிசம் நின்னாரு. என்னயப் பாத்தாரு. நா கொழுந்தக் கிள்ளிக்கிட்டே இருந்துட்டேன்."

"நல்லதும்மா," என்றேன்.

"சத்தியம் பண்ணிட்டேன்ல," என்றாள்.

ஏழாம் தேதி பள்ளிக்கூடம் திறந்தது. ஆங்கில ஆசிரியையிடம் காட்டுவதற்காக, கையெழுத்துள்ள பிரதியைப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஆசிரியை அதை வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். மனுதாரர் கைநாட்டு வைத்த செய்தியை மட்டும் வாசிக்காமல் விட்டார். அதற்காக அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். பக்கத்துப் பிள்ளை அன்று மூக்கைப் பொத்தவில்லை.

நான்கு மணிக்கு லயத்துக்கு வந்தேன். இஸ்தோப்பில் சாக்கு கிடந்தது, கயிறு கிடந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா, பிள்ளை பெற்று வேலைக்குப் போகாமல் இருந்தவள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நடந்ததை அவள்தான் சொன்னாள்.

காவல்காரர் பத்து மணிக்கு வந்திருக்கிறார். அவரிடம் கொடுத்திருந்தது வில்லை பெற்ற நாய்களின் கணக்கு மட்டும். மனுப் போட்ட நாய்களைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"பெட்டிசம் போட்டிருக்குண்ணே, சுடக் கூடாதுன்னேன்டீ. கடதாசி இருந்தாக் காட்டு தாயி, கணக்கப்பிள்ள கையெழுத்து எனக்குத் தெரியும், நா போயிருறேன்னாரு. ஒங்க காம்பராவுல பெட்டியக் கவுத்துத் தேடுனேன். பாயத் தூக்கித் தேடுனேன். அரிசி டின்னுக்குள்ளகூடக் கைய விட்டுப் பாத்தேன். அந்த மனுசனும் வெத்தில போட்டுத் துப்பி முடியிற மட்டும் நின்னாரு. ஒனக்குத் தெரியுமே, மாட்டு எலும்பு கெடைச்சா வீமனுக்குன்னு கொண்டாந்து போடுவாரே. இதுக்கு அவரு வாசம் தெரிஞ்சு போச்சு. வால ஆட்டுனிச்சுடீ."

புத்தகப் பை என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தாள் எங்கே இருந்தது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மாவிடமும் அப்பாவிடமும் அவர்கள் இருந்தவரை சொல்லவில்லை.

அப்பா வந்து, காய்கறி போட்டிருந்த மரக்கறித் துண்டின் ஓரத்தில் குழி வெட்டினார். நான் அவர் பின்னாலேயே நின்று ஐந்தாம் விதியைத் தமிழில் சொன்னேன். பதில் வரும்வரை சுட முடியாது, சுட்டது சட்டப்படி தப்பு, இதற்கு மேலே எழுதலாம் என்றேன்.

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "சுட்டாச்சேம்மா," என்றார்.

 அம்மா இருட்டுவதற்குள் வீமனின் சாக்கை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். நெடுநேரம் அலசினாள். அதன் அடிப்பக்கத்தில் பல நாள் கறை இருந்திருக்கும். அதைப் பற்றியும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆறு நாள் கழித்து, பொங்கலுக்கு முதல் நாள், பெரட்டில் கணக்கப்பிள்ளை அம்மாவிடம் நீள உறை ஒன்றைக் கொடுத்தார். மழையில் நனையாமல் அம்மா அதை ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். அன்று அரைநாள் வேலைதான். காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவள், நான் வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்துத் தந்தாள். தோட்டத்து முத்திரை குத்திய தாள். ஒரு பத்தி தட்டச்சு. அதற்குக் கீழே துரையின் சொந்தக் கையெழுத்தில், பச்சை மையில் இரண்டு வரி.

"என்னா போட்டிருக்கு?"

நான் முதலில் பச்சை மையைத்தான் வாசித்தேன். லயங்களிலிருந்து தனக்கு வந்த விண்ணப்பங்களில் இவ்வளவு அழகாக எழுதப்பட்ட ஒன்றைத் தான் பார்த்ததில்லை என்றும், எழுதியவருக்குத் தன் பாராட்டைத் தெரிவிக்கும்படியும் துரை எழுதியிருந்தார். அம்மாவுக்கு அதைத் தமிழில் சொன்னபோது என் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில்தான் நடுங்கியது. அதை மறைக்கிற வயதில் நான் இப்போது இல்லை.

"நல்லா எழுதியிருக்கன்னு தொரயே சொல்லிட்டாரா?" அம்மா என் கன்னத்தைத் தொட்டாள். கையில் சுண்ணாம்பு. "வீமனப் பத்தி ஒன்னும் போடலியா?"

"வச்சிக்கலாமாம். சாகுற வரைக்கும் வச்சிக்கலாமாம். ஆபீசுல வந்து வில்லை வாங்கிக்கச் சொல்லியிருக்காரு."

"அப்பிடியா," என்றாள் அம்மா.

மட்டையை எடுத்துச் சுண்ணாம்பில் தோய்த்து, சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பச்சை மை வரிகளை மறுபடி வாசித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் ஏற்கெனவே அடித்துக் காய்ந்திருந்த சுவரையே திரும்பவும் அடித்துக்கொண்டிருந்தாள். மேலும் கீழுமாக, ஒரே இடத்தில்.

"அம்மா, அது முடிஞ்ச செவரு," என்றேன்.

அவள் திரும்பவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. துரை கையெழுத்திட்ட தேதி ஜனவரி ஐந்து. சின்னத்துரை, பெரிய கிளாக்கர், கணக்கப்பிள்ளை மூவரும் தத்தம் இடத்தில் சுருக்கொப்பம் வைத்து, வந்த வழியாகவே முறைப்படி இறக்கியிருக்கிறார்கள். எங்கள் கைக்குக் கிடைத்தது ஜனவரி பதின்மூன்று.